யாரால் காணப்பட்டது?

காட்டுயிர்க் கணக்கெடுப்பு அறிக்கைகளை நான் ஓர் எழுத்து வகையாகவே வாசித்து வருகிறேன். நாவலுக்கும் தன்வரலாற்றுக்கும் இருப்பதைப்போல அவற்றுக்கும் ஒரு நடை இருக்கிறது. இன்ன பறவை ஏரியின் வடகரையில் காணப்பட்டது, மூன்று கூடுகள் பதிவு செய்யப்பட்டன, எச்ச மாதிரிகள் சேகரிக்கப்பட்டன என்று அது போகும். வீட்டிலோ தெருவிலோ நாம் இப்படிப் பேசுவதில்லை. ‘நேத்து கண்மாயில ஒரு கொக்கு காணப்பட்டது’ என்று எந்த ஊரிலும் யாரும் சொல்வதில்லை. ‘நான் பாத்தேன்’, ‘அவ பாத்தா’ என்றுதான் சொல்கிறோம். செயப்பாட்டுவினையில் ஒரு வசதி உண்டு. செய்தவரை ‘ஆல்’ உருபு சேர்த்துக் கொண்டுவரலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். விட்டாலும் வாக்கியம் முழுசாகத்தான் நிற்கும். ‘யாரால்?’ என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. அறிவியலுக்கு இந்த நடை தேவை என்பார்கள். யார் பார்த்தாலும் அதே கொக்குதான், பார்த்தவர் பெயர் எதற்கு என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் கண்டதை இன்னொருவர் போய்ச் சரிபார்க்கலாம், பதவியோ குலமோ அங்கே செல்லாது என்பது அறிவியல் நமக்குத் தந்திருக்கும் பெரிய உறுதிமொழி. ஆனால் டோனா ஹாராவே 1988இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டியது போல, எங்குமே நிற்காமல் எல்லாவற்றையும் பார்க்கும் கண் என்று ஒன்று கிடையாது. பார்க்கிறவருக்கு ஓர் உடல் இருக்கிறது. அந்த உடல் நிற்க ஓர் இடம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளும் அறிவுதான் பொறுப்புள்ள அறிவு. அதை மறைக்கும் நடை, பெரும்பாலும் ஆணின் இடத்தை எல்லோருடைய இடமாகக் காட்டிவிடுகிறது.

இது வெறும் தத்துவச் சண்டை அல்ல, எண்ணிக்கையிலேயே தெரிகிறது. 2019இல் ஓர் ஆய்வுக் குழு, ஐந்து பெரிய அருங்காட்சியகங்களில் உள்ள ஏறக்குறைய 25 லட்சம் பறவை, பாலூட்டி மாதிரிகளைப் பால் வாரியாகப் பிரித்துப் பார்த்தது. பறவைகளில் பெண் 40 விழுக்காடு. பாலூட்டிகளில் 48 விழுக்காடு. ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டும்போது ‘இதுதான் அந்த இனம்’ என்று அடையாளமாக வைக்கும் மூல மாதிரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். பறவைகளில் 27 விழுக்காடு, பாலூட்டிகளில் 39 விழுக்காடு மட்டுமே பெண். பளிச்சென்ற நிறமும் பெரிய உருவமும் கொம்பும் உள்ளதைச் சுட்டுவந்து சேர்த்த வேட்டைக்காரச் சேகரிப்பாளர்களின் ரசனையும் அந்தப் பெட்டிகளுக்குள் உறைந்து கிடக்கிறது. கையேடுகளும் அதே வழியில்தான் வந்தன. ஆண் பறவைக்கு முழுப் பக்கப் படம். பெண் பறவைக்கு ‘மங்கலான நிறம்’ என்று ஒரு வரி.

பாட்டு விஷயத்தையும் பாருங்கள். ஆண் பறவை பாடும், பெண் பறவை கேட்டுத் தேர்ந்தெடுக்கும் என்பது நெடுங்காலம் பாடப்புத்தக உண்மையாக இருந்தது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தகவல் கிடைத்த பாடும் பறவை இனங்களில் 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுகிறது என்று காட்டியது. இந்தப் பறவைகளின் மூதாதைகளிலேயே பெண்கள் பாடியிருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. பெண் பறவைகள் 2014இல் திடீரென்று வாய் திறக்கவில்லை. கேட்ட காதுகள் மாறின. பறவைப் பாட்டு பற்றிய கட்டுரைகளில் முதல் ஆசிரியராகப் பெண் இருப்பது 44 விழுக்காடு என்றும், பெண் பறவையின் பாட்டைப் பற்றிய கட்டுரைகளில் அது 68 விழுக்காடு என்றும் 2020இல் இன்னொரு ஆய்வு கணக்கிட்டது. யார் பார்த்தாலும் அதே கொக்குதான் என்று இனி அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

*

சில ஆண்டுகளாக நானும் பறவைக் கணக்கெடுப்புகளுக்குத் தன்னார்வலராகப் போகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் நிற்க வேண்டும். குழு பிரிப்பார்கள். தொலைநோக்கி ஆண்கள் கையில் இருக்கும். குறிப்பேடு பெண்கள் கையில் இருக்கும். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. ‘உங்க கையெழுத்து நல்லா இருக்கும், நீங்க எழுதுங்க’ என்று மரியாதையாகவே கொடுப்பார்கள். பிறகு அறிக்கையில் ‘கண்டவர்’ என்ற இடத்தில் யார் பெயர் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கரையில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்குக் கருவேலமரம் போதும். நாங்கள் முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வருவோம். எட்டரை, ஒன்பதுக்கு மேல் தாங்காது. கிளம்பிவிடுவோம். எங்கள் தாள்களில் ஒன்பது மணிக்கு மேல் பறவைகளே இல்லை. கணினியில் ஏற்றும்போது அது பறவைகள் அடங்கிய நேரமாகத் தோன்றும். ஒரு பெண்ணின் சிறுநீர்ப்பை ஒரு தரவுத்தாளின் கடைசி வரியைத் தீர்மானிக்கிறது என்பதை எந்தச் செயல்முறைக் கையேடும் சொல்வதில்லை.

ஒருமுறை புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என் கையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, நீலத் தாழைக்கோழி எந்தச் சம்புக்குள் முட்டை வைக்கும், எந்த மழைக்குப் பிறகு குஞ்சோடு வெளியே வரும் என்று கடகடவென்று சொன்னார். ‘தெனம் வர்றேன்ல பாப்பா’ என்றார். எங்கள் படிவத்தில் இனம், எண்ணிக்கை, நேரம், கண்டவர் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ‘சொன்னவர்’ என்று ஒரு கட்டம் இல்லை. ஆண்டு முழுக்க அந்தக் கரையில் நிற்பவர் அவர். ஒரு நாள் காலையில் மூன்று மணி நேரம் நிற்பவர்கள் நாங்கள். அறிக்கை எங்களுடையது.

*

இந்தியக் கள ஆய்வு எழுத்தின் மூலநூல் எது என்று கேட்டால் சாலிம் அலியின் தன்வரலாற்றைத்தான் காட்டுவார்கள். 1985இல் வந்த ‘தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ’. நகைச்சுவையும் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் நேர்மையும் உள்ள நூல் அது. நான் அதை விரும்பி வாசித்தவள். விரும்பி வாசித்ததாலேயே அதில் தெஹ்மினா எங்கே நிற்கிறார் என்று தேடவும் செய்தேன்.

1930இல் ஜெர்மனியிலிருந்து படித்துத் திரும்பிய சாலிம் அலிக்கு வேலை இல்லை. பம்பாய்த் துறைமுகத்துக்கு அக்கரையில் உள்ள கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் கணவனும் மனைவியுமாகப் போய் இருந்தார்கள். அங்கேதான் தூக்கணாங்குருவியைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வு நடந்தது. ஆண் குருவி பாதிவரை கூட்டைக் கட்டும். பெண் குருவிகள் வந்து பார்வையிடும். ஒருத்திக்குப் பிடித்தால் குடியேறுவாள். அதற்குப் பிறகுதான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். அவள் முட்டையிட்டு அடைகாக்க, ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். பெண்ணின் தேர்வுதான் கூட்டின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதை இத்தனை பொறுமையாகக் கண்டு எழுதிய ஓர் ஆய்வு, எழுதிய வீட்டைப் பற்றி மட்டும் பேசாமல் இருக்கிறது.

பிறகு சமஸ்தானங்களின் பறவைக் கணக்கெடுப்புகள் வந்தன. 1930களின் தொடக்கத்தில் ஹைதராபாத், 1933இல் திருவிதாங்கூர், கொச்சி. தன் உழைப்புக்கு ஊதியம் வேண்டாம், களச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும் என்றுதான் சாலிம் அலி அந்த வேலைகளைப் பெற்றார். அவருடைய தியாகமாக இது சொல்லப்படுகிறது, தியாகம்தான். ஆனால் ஊதியமில்லாத ஓர் ஆணின் பின்னால் ஊதியமில்லாத ஒரு பெண்ணும் இருந்தார். நகர வாழ்க்கையை விட்டுவிட்டு முகாம் முகாமாகக் கூடப் போனார் தெஹ்மினா. முகாம் என்றால் மாடு, வண்டி, சமையல், தண்ணீர், தோலுரித்த பறவைகளைக் கெடாமல் வைக்கும் இடம் என்று ஒரு குடும்பமே நகர்வது. 1939இல் ஒரு அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து தெஹ்மினா இறந்துபோனார். சாலிம் அலி தன் நூலில் அவரை அன்போடும் நன்றியோடும் நினைக்கிறார். அந்தத் துயரம் உண்மையானது.

என் கேள்வி அந்த அன்பைப் பற்றியது அல்ல. அந்த அன்பு போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது. பெண் உழைப்பு அறிவியல் எழுத்தில் எங்கே பதிவாகிறது? முன்னுரையின் கடைசிப் பத்தியில், நன்றியுரையில். ஆய்வின் உடலுக்குள் வருவதில்லை. இந்த உழைப்பு இல்லாமல் ஆய்வு நடந்திருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஆய்வின் பகுதி இல்லை என்பதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. 1934இல் விஸ்லர், கின்னியர் என்ற இரு பறவையியலாளர்கள் தென்மேற்கு இந்தியாவின் பொன்முதுகு மரங்கொத்தியின் துணை இனத்துக்குத் தெஹ்மினாவின் பெயரை வைத்தார்கள். அந்த மரங்கொத்தி இன்றைக்கும் கேரளத்தின் தென்னந்தோப்புகளில் கொத்திக்கொண்டிருக்கிறது. பறவைக்குப் பெயராக இருக்கும் அவர், ஆய்வுக்கு ஆசிரியராக இல்லை. பெயர் சூட்டுவதும் பங்கை ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

*

ஆசிரியராகவே ஆன ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்று பார்க்க ஜெ. விஜயாவிடம் போக வேண்டும். 1959இல் பிறந்தவர். கல்லூரி மாணவியாக இருந்தபோதே சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்து, ஆமைகளைத் தன் துறையாக எடுத்துக்கொண்டார். வங்கத்தின் திகா கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கூட்டம் கூட்டமாக வெட்டப்படுவதை நேரில் போய் ஆவணப்படுத்தினார். அந்தப் படங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன.

அவர் பெயரை நிலைக்கச் செய்தது பிரம்பாமை. 1912இல் சென்னை அருங்காட்சியகத்தின் ஹெண்டர்சன், கொச்சிக் காட்டிலிருந்து கிடைத்த இரண்டே மாதிரிகளை வைத்து அதை விவரித்திருந்தார். அதன்பின் எழுபது ஆண்டுகள் அறிவியல் அந்த ஆமையைப் பார்க்கவில்லை. 1982இல் விஜயா சாலக்குடிக் காட்டுக்குப் போய், அங்கேயே தங்கி, அதைக் கண்டார். 1987இல் முப்பதைத் தொடுமுன் இறந்துபோனார். 2006இல் ஆய்வாளர்கள் அந்த ஆமைக்குத் தனிப் பேரினம் வேண்டும் என்று முடிவு செய்து ‘விஜயசெலிஸ்’ என்று பெயரிட்டார்கள்.

விஜயாவைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எழுத்துகள் இரண்டு அச்சுகளில் ஒன்றில் விழுகின்றன. ஒன்று, ‘இந்தியாவின் முதல் பெண்’ அச்சு. முதல் பெண் என்று சொல்லும்போது நாம் அவரைப் பாராட்டுகிறோம். கூடவே, இத்தனை காலம் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்களைப் பற்றிப் பேசாமலும் தப்பித்துக்கொள்கிறோம். முதல் பெண் வந்துவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. இன்னொன்று, காட்டில் தனியாக வாழ்ந்து அழிந்துபோன அபூர்வப் பெண் என்னும் அச்சு. தனியாகக் காட்டில் கிடந்த ஆண் ஆய்வாளர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய தனிமை அர்ப்பணிப்பாக எழுதப்படுகிறது. பெண்ணின் தனிமை மட்டும் அவளுடைய முடிவுக்கு முன்னறிவிப்பாக எழுதப்படுகிறது. விஜயாவின் கட்டுரைகளைப் படிக்காமலே அவருடைய மரணத்தைத் தெரிந்துவைத்திருக்கும் வாசகர்கள் உருவாகிவிட்டார்கள். ஒரு விஞ்ஞானிக்கு இது நல்ல நினைவஞ்சலி இல்லை. அவர் என்ன கேட்டார், எப்படித் தேடினார், அந்த ஆமை எங்கே பதுங்குகிறது என்று அவர் எழுதியதில் எது இன்றும் நிற்கிறது என்றல்லவா நாம் பேச வேண்டும்?

இன்னொரு அடுக்கும் இருக்கிறது. ‘மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது’ என்கிறோம். யாருக்குத் தொலைந்திருந்தது? அந்தக் காட்டில் வாழும் காடர்களுக்கு அந்த ஆமை தொலையவே இல்லை. அவர்களுடைய துணையோடுதான் விஜயா அதை எட்டினார். விஜயாவுக்கு ஒரு பேரினம் கிடைத்தது. காடர்களுக்கு ‘உள்ளூர் வழிகாட்டிகள்’ என்ற சொல் கிடைத்தது. படித்த பெண்ணான எனக்கு இந்த இடம் முக்கியம். ஆணின் எழுத்தில் தெஹ்மினாவைத் தேடும் அதே கண்ணோடு, பெண்களாகிய நம் எழுத்தில் காடர் பெண்ணையும் தேட வேண்டியிருக்கிறது. அதே ஆற்றின் கரையில் வாழச்சால் ஊரின் மூப்பத்தியான கீதா, அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்துக்கு எதிராகத் தன் மக்களோடு நின்றார். காட்டைக் காத்தவர்கள் பட்டியலில் அவர் ‘போராளி’ என்ற தலைப்பில் வருவார். ‘சூழலியலாளர்’ என்ற தலைப்பில் வரமாட்டார். இந்தப் பிரிவினையை யார் போட்டது?

*

இதுவரை பார்த்தது பெயர் விடுபடுவதைப் பற்றி. ஆனால் பெண் கணக்கெடுப்பில் விடுபடுவது மட்டும் சிக்கல் இல்லை. சில இடங்களில் அவள் கணக்கெடுப்புக்குள் மாட்டிக்கொள்கிறாள்.

புலிகளைக் காலடித் தடத்தை வைத்து எண்ணிய காலம் போய், இந்த நூற்றாண்டில் தானியங்கிக் கேமராக்கள் வந்துவிட்டன. அவை வரவேண்டிய தேவை இருந்தது. சரிஸ்காவில் புலிகளே இல்லாமல் போனபின்னும் ஏட்டில் புலிகள் உலவிக்கொண்டிருந்தன. பழைய முறையின் பொய் அங்கே வெளிப்பட்டது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். உலகத்திலேயே பெரிய கேமராக் கணக்கெடுப்பு என்று கின்னஸ் சான்றிதழும் கிடைத்தது. மொத்தம் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் புலி இருந்தவை 76,651. சிறுத்தை இருந்தவை 51,777. நாட்டில் 2,967 புலிகள் என்று அறிவித்தார்கள்.

நான் மீதிப் படங்களைப் பற்றி யோசிக்கிறேன். ஆயிரம் படத்துக்கு இரண்டு சொச்சம்தான் புலி. மற்றதில் மான், பன்றி, அசைந்த புல் எல்லாம் இருக்கும். விறகுக்கட்டோடு போகும் பெண்ணும் இருப்பாள். அவளுக்கு அந்தப் படங்களில் வரிக்கோடு இல்லை, அடையாள எண் இல்லை. ஆனாலும் அவள் படம் எங்கோ ஒரு வன்தட்டில் இருக்கிறது. அதை யார் பார்க்கிறார்கள்?

அதற்கு விடை தேடிய ஆய்வு 2024இல் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் த்ரிஷாந்த் சிம்லாயும் கிறிஸ் சான்ட்புரூக்கும் எழுதியது. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றி 14 மாதங்கள் தங்கி, 270 பேரிடம் பேசி எழுதப்பட்டது. வீட்டில் குடிகார, அடிக்கும் ஆண்களோடு வாழும் பெண்களுக்குக் காடு மூச்சுவிடும் இடமாக இருந்திருக்கிறது. கூட்டமாகப் போவார்கள், உரக்கப் பேசுவார்கள், பாடுவார்கள். பாட்டு வெறும் பொழுதுபோக்கு இல்லை. யானையையும் புலியையும் விலகச் சொல்லும் முறை அது. மரத்தில் கேமரா வந்தபிறகு பாட்டு நின்றது. பேச்சு தணிந்தது. எங்கே பார்க்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று தெரியாத கண்ணுக்கு முன்னால் பெண்கள் சுருங்கினார்கள். கேமரா இல்லாத, பழக்கமில்லாத இடங்களுக்குள் ஒதுங்கிப் போனார்கள். பேட்டி கொடுத்த பெண்களில் ஒருவரைப் பின்னாளில் புலி கொன்றுவிட்டது.

2017இல் ஒதுங்கப்போன ஒரு பெண்ணைக் கேமரா பதிவு செய்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள பெண் அவர். அந்தப் படத்தைத் தற்காலிக வனப்பணிக்கு எடுக்கப்பட்ட இளைஞர்கள் ஊர்க் குழுக்களில் பரப்பினார்கள். கோபம் கொண்ட கிராமத்தினர் பக்கத்துக் காட்டில் கேமராக்களை உடைத்தார்கள். பெண்களைக் காட்டிலிருந்து விரட்டவென்றே ஆளில்லா விமானங்களைத் தலைக்கு மேல் பறக்கவிட்டதையும் அந்த ஆய்வு பதிவு செய்கிறது. இத்தனைக்கும் அந்தப் பெண்களுக்குக் காட்டுப் பொருள் சேகரிக்கச் சட்டப்படி உரிமை உண்டு.

இது எந்த மலை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1974இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடிக்கப் போய்க் கோடரிகளைத் திருப்பி அனுப்பியது இதே உத்தராகண்ட் மலைநாட்டில்தான். சிப்கோ நம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மரத்தை அணைத்த பெண்ணின் படத்தைச் சுற்றுச்சூழல் தினத்தன்று மாட்டுகிறோம். அரை நூற்றாண்டில் மரம் அந்தப் பெண்ணை நோக்கித் திருப்பப்பட்ட ஒரு கண்ணாகிவிட்டது.

புலியைக் காப்பதற்காக இதெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பெண்கள் பாடுவதை நிறுத்தினால் புலியும் பெண்ணும் முட்டிக்கொள்கிறார்கள். ஒரு பெண் செத்தால் ஊர் புலியை வெறுக்கிறது. கேமராவை உடைத்தால் கணக்கு போகிறது. அந்தப் பெண்களைக் கேட்காமல் வைத்த கேமரா, புலிக்கும் நல்லது செய்யவில்லை. பெண்ணியக் கேள்வியைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே அந்தக் கேள்வி செயல்முறையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

*

மாற்று வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு அசாமின் பூர்ணிமா தேவி பர்மனைக் காட்டலாம். ஹர்கிலா என்ற பெரிய நாரையை ஆராய வந்தவர் அவர். எலும்பை விழுங்குவது என்று பொருள்படும் பெயர். குப்பைமேட்டில் மேயும், எச்சம் நாறும், அபசகுனம் என்று ஊர் வெறுத்த பறவை. 2007இல் காம்ரூப் மாவட்டத்தில் கூடுகளோடு ஒரு மரம் வெட்டப்பட்டுக் குஞ்சுகள் தரையில் கிடப்பதைப் பார்த்தபின், முனைவர் பட்ட ஆய்வை ஒத்திவைத்துவிட்டு ஊர்ப் பெண்களிடம் போனார். பட்டம் 2019இல்தான் முடிந்தது. கூடு காக்கும் பெண்கள் இன்று பத்தாயிரத்துக்கும் மேல். 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உயரிய விருது அவருக்கு வந்தது. 2023இல் உலகச் செம்பட்டியலில் ஹர்கிலா ‘அழியும் நிலை’யிலிருந்து ‘அச்சுறுத்தலை அண்மித்த நிலை’க்கு மாற்றப்பட்டது.

இந்த வெற்றியை நான் குறைத்துப் பேச வரவில்லை. அதைச் சொல்லும் விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். கூடு கட்டும் பருவத்தில் அங்கே பெண்கள் பறவைக்கு வளைகாப்பு போன்ற சடங்கு செய்கிறார்கள். மேகலாச் சாதரில் ஹர்கிலாவை நெய்கிறார்கள். செய்திக் கட்டுரைகள் சடங்கைப் பிடித்துக்கொள்கின்றன. தாய்மை, கருணை, பெண் மனம் என்று எழுதித் தள்ளுகின்றன. பெண் இயற்கைக்கு நெருக்கமானவள் என்ற பழைய பாட்டு. அந்தப் பாட்டை வந்தனா சிவா 1988இல் ஒரு அரசியலாகவே முன்வைத்தார். பீனா அகர்வால் 1992இல் அதற்குக் கொடுத்த பதில் எனக்கு இன்றும் பயன்படுகிறது. பெண்ணுக்கும் காட்டுக்கும் உள்ள உறவு இரத்தத்தில் வருவதில்லை. யார் விறகு சுமக்கிறார்கள், யார் பெயரில் நிலம் இருக்கிறது, எந்த வர்க்கம், எந்தச் சாதி என்பதிலிருந்து வருகிறது.

அந்தக் கண்ணோடு ஹர்கிலாப் பெண்களைப் பார்த்தால் வேறொரு கதை தெரியும். சடங்கு, பெண்கள் பொது இடத்தில் கூடுவதற்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு. நெசவு, அந்தக் கூடலைக் காசாக்கிய வழி. தரையில் விழுந்த குஞ்சைக் கண்டதும் என்ன செய்வது, எத்தனை கூடு, எந்த மரம் என்று தெரிந்துவைத்திருப்பது கள அறிவு. அதைத் தாய்மை என்று அழைத்துவிட்டால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, ஆய்வில் ஆசிரியர் இடம் கொடுக்க வேண்டியதில்லை. தாய்க்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? அப்புறம் இன்னொரு கேள்வி. கூடு இருக்கும் மரம் நிற்கும் நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? மரத்தை வெட்டலாமா என்று முடிவெடுக்கும் உரிமை இல்லாதவர்கள், வெட்டாதே என்று மன்றாடும் வேலையைத்தான் செய்ய முடியும். அந்த மன்றாடலை வென்றெடுத்துக் காட்டியதுதான் அவர்களுடைய சாதனை. அதை மன்றாடலாகவே நிறுத்திவைப்பது நம் எழுத்தின் குறை.

*

ஆகவே நான் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. படிவத்தில் ‘சொன்னவர்’ என்று ஐந்தாவது கட்டம். காடு காட்டியவருக்கு, கூடு காத்தவருக்கு அவர்கள் விரும்பினால் நன்றியுரையிலிருந்து ஆசிரியர் வரிசைக்கு இடமாற்றம். கேமரா கட்டுமுன் அந்தப் பாதையில் நடக்கும் பெண்களிடம் பேச்சு, மனிதர் விழுந்த படங்களை யாரும் பார்க்குமுன் அழிக்கும் ஏற்பாடு, மீறியவருக்குத் தண்டனை. கரையில் ஒரு கழிப்பறை. காவல் பார்க்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம். இவற்றில் எதுவும் ஒரு புலியையோ ஒரு நாரையையோ குறைத்துவிடாது. சிலவற்றால் எண்ணிக்கை இன்னும் சரியாகவே வரும்.

நடையிலும் ஒரு மாற்றம் வேண்டும். ‘காணப்பட்டது’ என்று எழுதும்போதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் ‘ஆல்’ போட்டுப் பார்க்கலாம். சில நேரம் ஒரு ஆய்வாளர் பெயர் வரும். சில நேரம் புல் அறுக்கும் ஒரு பெண்ணின் பெயர் வரும். பெயரே தெரியவில்லை என்றால், போய்க் கேட்க வேண்டியதுதான். அவர் தினமும் அங்கேதான் வருகிறார்.